கருவி பெரிதா, துணைக்கருவி பெரிதா?

நம்மவர் வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்குவதென்றால் அது லேசான காரியம் அல்ல. ஒரு வாரம் ஆலோசனை நடக்கும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகனிடம் அபிப்பிராயம் கேட்கப்படும். நாலு கடை ஏறி இறங்கி, விலையை ஒப்பிட்டு, நல்ல நாள் பார்த்து வாங்குவோம். ஆறு மாதம் கழித்து அதன் சார்ஜர் கெட்டுவிட்டால் என்ன செய்கிறோம்? ஸ்டேஷன் வாசலில் தொங்குவதில் ஒன்றை 120 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். இயர்போனும் அப்படித்தான், பவர் பேங்க்கும் அப்படித்தான். இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்குக் காட்டும் அக்கறையை அதன் துணைக்கருவிக்கு நாம் காட்டுவதில்லை. ஆனால் உயிருக்கும் காதுக்கும் ஆபத்து வருவது பெரும்பாலும் இந்தத் துணைக்கருவிகள் வழியாகத்தான். ரயில்வேயில் மின்சாரத்தோடும் பேட்டரியோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் சில விஷயங்களை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வாக்மேன் முதல் ஸ்மார்ட்போன் வரை

கையோடு எடுத்துப் போகும் பாட்டுப்பெட்டியின் கதை 1979-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானில் தொடங்கியது எனலாம். சோனி நிறுவனத்தின் வாக்மேன் அப்போதுதான் விற்பனைக்கு வந்தது. கேசட் போட்டுக் கேட்கும் அந்தக் கருவி இரண்டு சிறிய பேட்டரி செல்களில் ஓடியது. இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்காக முதல் மாடலில் இரண்டு ஹெட்போன் துளைகள் வைத்திருந்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் எம்.பி.3. இசைத்தட்டான சி.டி.யில் ஒரு விநாடி இசைக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள் தேவை. பெரிய ஓசையின் அருகில் ஒலிக்கும் சிறிய ஓசையை நம் காது கவனிப்பதில்லை. அப்படிக் காதுக்கு எட்டாதவற்றைக் கழித்துவிட்டு மீதியைச் சுருக்கிப் பதிவதே எம்.பி.3-ன் தந்திரம். இதனால் விநாடிக்கு 1.28 லட்சம் பிட்டுகளே போதும் என்றாயிற்று. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த ஐபாடில் ஆயிரம் பாட்டுகள் அடங்கியது இந்தச் சுருக்கத்தால்தான். பிறகு ஸ்மார்ட்போன் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஐபாட் உற்பத்தியும் 2022-ல் நிறுத்தப்பட்டது.

ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பாட்டுக்கென்று தனிக்கருவி இன்றும் நல்லது என்பதே என் அபிப்பிராயம். 2017-ல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த கார்வான் போன்ற, பழைய பாட்டுகளை உள்ளேயே பதித்து, பொத்தானைத் திருகினால் பாடும் பெட்டி, கண் மங்கியவர்களுக்கும் விரல் நடுங்குபவர்களுக்கும் போனைவிடச் சுலபம். பாட்டுக்கு நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள், விளம்பரமும் வராது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்மேன் காலத்தில் இரண்டு செல் சேர்ந்து 3 வோல்ட். அதில் பயப்பட ஒன்றுமில்லை. இன்றைய சார்ஜரோ ஒரு முனையில் 230 வோல்ட் சுவரையும், மறுமுனையில் குழந்தையின் கையையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

சார்ஜர்: நடுவே இருக்கும் இடைவெளி

சார்ஜருக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சுவர் மின்சாரத்தின் பகுதி. மற்றொன்று போனுக்குப் போகும் 5 வோல்ட் அல்லது 9 வோல்ட் பகுதி. இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இருக்கக்கூடாது. ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலத்தின் வழியாக மட்டுமே சக்தியை இந்தப் பக்கம் அனுப்பவேண்டும். நல்ல சார்ஜரில் இந்த இரு பகுதிகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்கும் தரமான காப்பு சுற்றியிருப்பார்கள். மலிவுச் சார்ஜரில் கை வைப்பது முதலில் இந்த இடத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டி. போனும் சார்ஜ் ஆகும். ஆனால் மழைக்கால ஈரத்திலோ, மின்னழுத்தம் திடீரென்று ஏறும்போதோ உள்ளே காப்பு உடைந்தால், 230 வோல்ட் நேராகக் கேபிளுக்கு வந்துவிடும். சார்ஜில் போட்டபடி போன் பேசுவதை நான் என் பேரப்பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இதை வாங்குபவர் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசு 2012-ல் பிறப்பித்துப் பின்னர் விரிவாக்கிய கட்டாயப் பதிவு ஆணையின்படி, மொபைல் போன், சார்ஜர், பவர் பேங்க் ஆகியவற்றின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கவேண்டும். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதன்பின் எட்டு இலக்கங்களும் கொண்டது அந்த எண். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்பு என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண்ணே இல்லையென்றால் பேரம் பேச வேண்டிய அவசியமும் இல்லை. வந்த வழியே திரும்பிவிடலாம்.

கேபிள்: மெலிந்த செம்பு

கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். படிக்கும்போது மனப்பாடம் செய்த இந்த விதி, கைக்கேபிளுக்கும் பொருந்தும். பழைய போன்கள் 1 ஆம்பியரில் சார்ஜ் ஆயின. இப்போது வேகச் சார்ஜிங் என்று 3 ஆம்பியர், அதற்கு மேலும் போகிறது. வெப்பம் ஒன்பது மடங்கு! மலிவு கேபிளில் ரப்பர் தடிமனாகவும் செம்பு மெல்லியதாகவும் இருக்கும். சார்ஜ் ஆகும்போது கேபிளைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால், அல்லது முனையில் பழுப்பு நிறம் படிந்திருந்தால் அன்றே குப்பைக்கு அனுப்புங்கள். டேப் ஒட்டி உயிர் கொடுக்க வேண்டாம்.

பவர் பேங்க் கணக்கு

"10,000 என்று போட்டிருக்கிறது, என் போன் பேட்டரி 5,000, ஆனால் இரண்டு தடவை சார்ஜ் ஆகவில்லையே, ஏமாற்றிவிட்டார்களா?" என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. எல்லா நேரமும் ஏமாற்று அல்ல. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. சக்தியைக் கணக்கிட வோல்ட்டால் பெருக்க வேண்டும். ஆக 37 வாட் மணி. அது 5 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, போனுக்குள் போய் மறுபடி இறக்கப்படுகிறது. இரு இடத்திலும் நஷ்டம். 30 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 26 வாட் மணி. உங்கள் போன் பேட்டரி சுமார் 19 வாட் மணி. எனவே ஒன்றேகால் தடவை முதல் ஒன்றரைத் தடவை வரை கிடைத்தால் அது நியாயமான பொருள்தான். ஒரு தடவைகூடத் தேறாவிட்டால் சந்தேகப்படலாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். 100 வாட் மணி வரை கையில் கொண்டுபோகலாம். 20,000 என்று போட்டது 74 வாட் மணிதான், பாதகமில்லை. ஆனால் அதைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக்கூடாது. தீப்பிடித்தால் கையில் இருப்பதை அணைக்க முடியும், விமானத்தின் வயிற்றில் இருப்பதை அணைப்பது கடினம்.

பேட்டரியின் குணம்

ரயில் பெட்டிக்கு அடியில் தொங்கும் ஈய அமில பேட்டரிக்கு ஒரு குணம், போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு வேறு குணம். ஈய பேட்டரியைக் காலியாகப் போட்டால் கெடும். எப்போதும் நிறைவாக வைத்திருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு நடுத்தர வாழ்க்கையே பிடிக்கும். 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். அதற்கு முதல் எதிரி வெப்பம். வட இந்திய மே மாதத்தில் மூடிய காருக்குள் போனையோ பவர் பேங்க்கையோ விட்டுவிட்டுக் கடைக்குப் போவதும், இரவில் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதும் ஒன்றுதான்.

லித்தியம் பேட்டரிக்குள் இரு தகடுகளையும் பிரிப்பது காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம். அது பழுதானால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு சூட்டை வளர்த்து, சில விநாடிகளில் தீயாகிவிடும். 2016-ல் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது பேட்டரிக் கோளாறால்தான். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இப்படி என்றால், பெயரில்லாத பவர் பேங்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும் ரயிலில்

ஒன்றரை நாள், இரண்டு நாள் பயணம் செய்து ஊருக்குப் போகிறவர்கள் நாம். நம் ரயில் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் சார்ஜிங் பாயிண்ட் 110 வோல்ட்டில் வேலை செய்கிறது. சார்ஜரின் மேல் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 220-240 என்று மட்டும் இருந்தால் சரியாகச் சார்ஜ் ஆகாது. அது ரயில்வேயின் குற்றம் அல்ல.

"ராத்திரியில் சார்ஜ் ஏறவில்லை" என்றும் பலர் குறைப்படுகிறார்கள். ரயிலில் தீ விபத்துகளைத் தவிர்ப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பது என்று ரயில்வே 2021 மார்ச்சில் முடிவு செய்தது. எல்லோரும் தூங்கும் நேரத்தில், போர்வைக்கும் ரெக்ஸின் படுக்கைக்கும் நடுவில் ஒரு மட்டமான சார்ஜர் சூடேறினால் கவனிக்க ஆளில்லை. எனவே படுக்கும் முன்பே சார்ஜ் போட்டுக்கொள்வதுதான் வழி. கெட்டிலையோ மின்சார அடுப்பையோ அந்தப் பாயிண்டில் சொருகவே கூடாது.

காதுக்கு மாற்றுப் பாகம் இல்லை

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ரயில்வே பட்டறைகளில் நீராவி பாய்லர் வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. ரிவெட் அடித்து அடித்தே வயதான பாய்லர் தொழிலாளர்களிடம் எதையும் உரக்கக் கத்தித்தான் சொல்லவேண்டும். வலியில்லாமல், ரத்தமில்லாமல், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது அது. இன்று அதே காரியத்தை நம் பிள்ளைகள் சம்பளம் வாங்காமல், இயர்போன் வைத்துச் செய்துகொள்கிறார்கள்.

உட்காதில் ஓசையை உணரும் மயிரிழைச் செல்கள் பிறக்கும்போது எத்தனை உண்டோ அத்தனைதான். செத்தால் மறுபடி முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே. பத்து டெசிபல் கூடினால் அனுமதி நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபலே எல்லை.

பஸ்ஸிலும் மெட்ரோவிலும் சுற்றுச் சத்தத்தை அமுக்குவதற்காக நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். ஆபத்து அங்கேதான். காதை நன்றாக மூடும் இயர்போனோ, சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வகையோ இருந்தால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். எனவே இந்த ஒரு பொருளில் நானூறு ஐந்நூறு ரூபாய் கூடச் செலவழிப்பதை ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். முழு வால்யூமில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்ல பழக்கம். இயர்போனைக் கழற்றிய பின் காதில் 'ங்' என்று ரீங்காரம் கேட்டால் அது காது கொடுக்கும் சிவப்பு சிக்னல்.

ஆனால் அந்தக் காது மூடும் இயர்போனைத் தெருவிலும் தண்டவாளத்தருகிலும் போடவே கூடாது. ரயில் வந்தால் சத்தம் கேட்குமே என்பது பழைய காலத்து நம்பிக்கை. அப்போது 13 மீட்டருக்கு ஒரு இணைப்பு இருந்தது. 'கடக் கடக்' என்று தொலைவிலேயே கேட்கும். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள். எஞ்சினும் மின்சார எஞ்சின். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 28 மீட்டர் கடக்கும். டிரைவர் பிரேக் போட்டாலும் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் வேண்டும். இருப்புப்பாதையில் அத்துமீறி நடப்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் மன்னித்தாலும் ரயில் மன்னிக்காது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. சார்ஜரிலும் பவர் பேங்க்கிலும் ஆர் எண் இருக்கிறதா, செயலியில் சரிபார்த்தீர்களா?
2. சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா?
3. கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா?
4. பவர் பேங்க்கில் வாட் மணி குறிக்கப்பட்டிருக்கிறதா?
5. இயர்போன் காதில் பொருந்துகிறதா, குறைந்த வால்யூமில் தெளிவாகக் கேட்கிறதா?
6. பில் கொடுக்கிறார்களா? பில் தராத கடையில் உத்தரவாதமும் இல்லை.

ஒரு காலத்தில் ஊரில் இருக்கும் தாயின் குரலைக் கேட்க, இரவு கால் கட்டணத்துக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்றவர்கள் நாம். இன்று அந்தக் குரலும் முகமும் உள்ளங்கைக்கு வந்துவிட்டன. அதைக் கொண்டுவரும் போனுக்கு நல்ல உறை போட்டுப் பாதுகாப்பவர்கள், அந்தக் குரலைக் கேட்கும் காதையும் அதே அக்கறையோடு பாதுகாக்கட்டும். இன்றிரவே வீட்டில் உள்ள சார்ஜர்களையெல்லாம் ஒரு மேஜையில் வரிசையாக வைத்துச் சோதித்துப் பாருங்கள். எத்தனை தேறும் என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.