பீட்லாக் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் நம் சபை வாலிபரில் பலர் கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணலுக்கும் மலைத்தடத்துக்கும் கிளம்பிவிடுகிறீர்கள். போகவேண்டியதுதான். ஆனால் அதே வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவும், பாட்டியும், சின்னத் தங்கையும் ஆராதனைக்கு வருகிறார்கள். ஆகவே அதன் வீலில் நாம் செய்யும் மாற்றம் வீட்டார் அத்தனை பேருடைய பாதுகாப்பையும் தொடுகிறது. அண்மையில் உங்கள் பேச்சில் அடிக்கடி கேட்கும் பெயர் பீட்லாக். செவிலியரான நாங்கள் அதைப்பற்றிச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். டயரின் உள் ஓரத்தில், எஃகுக் கம்பி பொதிந்த தடித்த விளிம்பு ஒன்று உண்டு. அதுதான் பீடு. சாதாரண வீலில் இந்த விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். மணலில் போகும்போது நாம் காற்றை இறக்குகிறோம். அப்போது டயர் தரையில் படும் பரப்பு நீளுகிறது. வண்டி மணலில் புதையாமல் மேலே நடக்கிறது. ஆனால் காற்று குறையக் குறைய, விளிம்பைப் பிடித்திருக்கும் பலமும் குறைகிறது. அந்த நேரத்தில் சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். இதைத் தடுக்க, டயரின் வெளி விளிம்பை ரிம்முக்கும் ஓர் உலோக வளையத்துக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் போல்ட்டுகளால் இறுக்குவதே பீட்லாக்.

இனி கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி, நாம் உண்மையில் எவ்வளவு காற்றை இறக்குகிறோம்? தார்ச்சாலையில் இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை காற்றோடு ஓடுகின்றன. கடற்கரை மணலுக்கு 15 முதல் 20 வரை பெரும்பாலும் போதும். அந்த அளவில், நிதானமாக ஓட்டினால், நல்ல சாதாரண ரிம்மே டயரைப் பிடித்துக்கொள்ளும். பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏறுகிறவர்களும் போட்டிகளில் ஓட்டுகிறவர்களும்தான் 10 பிஎஸ்ஐக்கும் கீழே இறங்குகிறார்கள். பீட்லாக் அவர்களுக்காக உண்டானது. வருடத்துக்கு இரண்டுமுறை கடற்கரைக்குப் போகிற குடும்பத்துக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம்.

இரண்டாவது கேள்வி, எங்கே ஓட்டப்போகிறோம்? ஆஸ்திரேலியாவில், வளையத்தை போல்ட் போட்டு இறுக்கும் பீட்லாக் வீல்களுக்குப் பொதுச்சாலையில் பொதுவாக அனுமதி இல்லை. “மணலில் மட்டும்தானே” என்று சிலர் சொல்வார்கள். ஆனால் குயின்ஸ்லாந்தின் காரி தீவில், அதாவது முன்பு ஃபிரேசர் தீவு என்று அழைக்கப்பட்ட இடத்தில், கிழக்குக் கடற்கரை மணலே அரசு அறிவித்த சாலை. அங்கே வேக வரம்பு உண்டு, காவல்துறை உண்டு, வண்டிக்குப் பதிவும் வேண்டும். அனுமதியில்லாத வீலோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு. ஆகவே வாங்குமுன் உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

மூன்றாவது, எந்த வகை? வெளிவளைய வகைதான் அதிகம் காணப்படுவது. அது வெளிப்பக்க விளிம்பை மட்டுமே பூட்டுகிறது. உட்பக்க விளிம்பு வழக்கம்போல் காற்றையே நம்பியிருக்கும். இன்னொரு வகையில் டயருக்குள்ளே ஒரு தனி டியூப் இருக்கும். அதில் அதிக அழுத்தத்தில் காற்றடித்தால் இரண்டு விளிம்புகளையும் ரிம்மோடு தள்ளிப் பிடிக்கும். ஆனால் அதற்கு வழக்கமாக ரிம்மில் இன்னொரு வால்வுத் துளை போடவேண்டும். இராணுவ ஹம்வீ வண்டிகளில் இரண்டு துண்டுகளாகப் பிரியும் வீலும், நடுவில் ரப்பர் அடைப்பும் உண்டு. கடைசியாக, வெறும் அலங்காரத்துக்கு போல்ட் தலைகள் பதித்த வீல்களும் விற்கிறார்கள். அவை எதையும் பூட்டுவதில்லை. அமெரிக்காவில் விற்கும் ஃபோர்டு பிரோங்கோ போன்ற வண்டிகளில் “பீட்லாக் பொருத்தக்கூடிய” வீல்கள் வருகின்றன; அவற்றிலும் உண்மையான வளையத்தைத் தனியே வாங்கி மாட்டினால்தான் அது பீட்லாக். விளம்பரப் படத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். எந்த வீலானாலும் அது தாங்கும் எடை, போல்ட் அமைப்பு, பிரேக்குக்கு இடைவெளி ஆகியவை உங்கள் வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது, அதைப் பராமரிக்கப் பொறுமை இருக்கிறதா? ஒரு வீலில் பெரும்பாலும் 16 முதல் 32 வரை போல்ட்டுகள் இருக்கும். தயாரித்தவர் சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு, எதிரெதிர் போல்ட்டுகளாக, பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி சரிபார்க்கவேண்டும். பிறகும் அவ்வப்போது பார்க்கவேண்டும். வளையமும் போல்ட்டுகளும் எடையைக் கூட்டும். வீல் பேலன்ஸ் செய்வதும் கடினமாகும்.

இப்போது எங்கள் வேலை சார்ந்த எச்சரிக்கை. டயரில் காற்று இருக்கும்போது வளைய போல்ட்டைத் தளர்த்தவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 227 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 30 பவுண்டு என்றால் மொத்தம் 6,800 பவுண்டு, அதாவது 3 டன்னுக்கும் மேல். இரண்டு துண்டு வீல் ஒன்று பிரிந்து தெறித்தால் அந்த விசைதான் முகத்துக்கு நேரே வரும். வெளிவளைய வகையில் விசை அவ்வளவு இல்லாவிட்டாலும் விரலையும் கண்ணையும் இழக்க அது போதும். வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் போனபின்தான் ரெஞ்சைத் தொடுங்கள். எரியும் ஸ்பிரேயை டயருக்குள் அடித்து, தீ வைத்து, விளிம்பை ரிம்மில் உட்காரவைக்கும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முகமும் கைகளும் வெந்துபோக ஒரு நொடி போதும்.

தவறி யாருக்காவது தீக்காயம் பட்டால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். விரல் நசுங்கினால் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடியே 000-க்கு அழையுங்கள். கைபேசி எடுக்காத இடத்துக்குப் போகிறவர்கள் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

அப்படியானால் பீட்லாக்குக்கு வைத்திருந்த பணத்தை என்ன செய்வது? நல்ல காற்றழுத்தமானி, கம்ப்ரசர், மண்வெட்டி, மணலில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பலகை இரண்டு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வாங்குங்கள். காற்றை இறக்கியபின் மெதுவாக ஓட்டுங்கள்; திடீர்த் திருப்பம் வேண்டாம். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்றடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

தனியார் நிலத்தில் பாறைத்தடம் ஏறுவதே உங்கள் விருப்பம் என்றால், அதற்கென்று தனி வீல்களை வைத்துக்கொண்டு, அங்கே போனபின் மாட்டுங்கள், திரும்புமுன் கழற்றிவிடுங்கள். வேலை கூடுதல்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பாட்டி ஏறும் வண்டியில் சட்டம் ஒப்புக்கொண்ட வீல்கள்தான் இருக்கவேண்டும்.