பி.எச்டி. படிக்கும் பிள்ளைகள் உஷார்! காப்பி அடித்தால் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுக்கும்

உடுமலை:
அமராவதி நகர், உடுமலை, திருப்பூர் பகுதிகளில் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போய் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்கள் ஏராளம். அதில் சில பிள்ளைகள் பி.எச்டி. வரை போகிறார்கள். அந்தப் படிப்பில் இப்போ பாதி வேலை கம்ப்யூட்டரில்தான். வழிகாட்டும் பேராசிரியருக்கு அது பிடிபடாவிட்டால் அடி விழுவது மாணவருக்கு. எப்படி? இதோ விவரம்:

60 சதவீதம் தாண்டினால் ரத்து

ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். யு.ஜி.சி. 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கணும். 60 வரை போனால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்து. அத்தனை வருஷ உழைப்பும் வீண். 'இதில் காப்பி இல்லை' என்று வழிகாட்டியும் சான்று தரணும். அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பணம் பிடுங்கும் ஜர்னல்கள்

காசு கட்டினால் எதையும் போடும் போலி ஜர்னல்கள் நிறைய. 2013-ல் 'சயின்ஸ்' இதழுக்காக ஒரு நிருபர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிய கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன! நல்ல ஜர்னல் எது என்று யு.ஜி.சி. 2019-ல் தந்த பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. இனி ஆசிரியரே இணையத்தில் அலசிப் பார்த்துச் சொல்லணும்.

காசில்லாமல் படிக்கலாம்

நல்ல செய்தியும் உண்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 3 வருஷத்துக்கு ரூ.6 ஆயிரம் கோடி. மத்திய, மாநில அரசு கல்லூரிகளில் இருப்பவர்கள் சுமார் 13 ஆயிரம் வெளிநாட்டு ஜர்னல்களைப் படிக்கலாம். ஐ.ஐ.டி.க்காரர் படிப்பதை உடுமலை அரசு கலைக்கல்லூரி மாணவரும் படிக்க முடியும்.

'சோத்கங்கா' இணையதளத்தில் நாடு முழுக்க உள்ள ஆய்வேடுகள் கிடக்கின்றன. நொய்யலையும் சாயக்கழிவையும் பற்றிக்கூட தேடிப் பார்க்கலாம். யாரும் பார்க்கலாம், பைசா செலவில்லை.

கதவு திறந்துதான் இருக்கு. உள்ளே கூட்டிப்போக ஆசிரியருக்கு வழி தெரியணும். ஆகவே, வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளைகள் மூன்றைக் கேளுங்கள்: ரிப்போர்ட்டைச் சரிபார்த்துத் தருவாரா? போலி ஜர்னலைக் கண்டுபிடிப்பாரா? இந்தச் சந்தாவைப் பயன்படுத்தச் சொல்லித் தருவாரா? கேட்பதில் கூச்சம் வேண்டாம்.