மறைந்த கோப்புறைகளை மீட்டல்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊர்த் திருவிழாப் படங்களும், பெற்றோர் குரலைப் பதிந்த ஒலித்துண்டுகளும், நிலப் பத்திரங்களின் நகல்களும் இன்று சிறிய பெட்டியொன்றில் அடங்கியுள்ளன. ‘நாஸ்’ என்று கடைக்காரர்கள் கூறும் அப்பெட்டியில் இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்குகள் இருக்கும். ரூட்டருடன் இணைத்துவிட்டால், வீட்டார் அனைவரும் தத்தம் கணினியிலிருந்து அதே கோப்புறைகளைத் திறக்கலாம். ஒருநாள் அவை பட்டியலில் காணப்படவில்லையெனில் செய்யத்தக்கது யாது?

மொழிபெயர்ப்பு மேசையில் கோப்புகளுடனேயே காலங்கழிக்கும் நமக்கு அலுவலக ஆவண அறையே ஏற்ற உவமையாகத் தோன்றுகிறது. அறைவாயிலில் பெயர்ப்பலகை, உள்ளே எக்கோப்பு எங்குள்ளது என்று கூறும் பதிவேடு, அதற்கப்பால் அலமாரிகள். கோப்புறையின் பெயர் பலகையைப் போன்றது. அமைப்புகளை மாற்றும்போது பலகை மட்டும் விழுந்துவிடுவதுண்டு. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் சேமிப்புப் பகுதி நலமாயிருப்பதாகக் காட்டினால், பழைய இடத்தைச் சுட்டிப் பெயரை மீண்டும் அமைத்தாலே பல பெட்டிகளில் போதும்.

எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்று பதிவேடு சிதைந்தால் நிலைமை வேறு. அப்போது பெட்டி தன் டிஸ்குகளையே அறியாமல், “புதிதாக அமைக்கலாமா?” என்று கேட்கக்கூடும். அதற்கு இசைவது, அலமாரிகள் காலியென்று கருதிப் புதிய பதிவேடு தொடங்குவதாகும். எக்காரணங்கொண்டும் இசையலாகாது.

கைதவறி அழித்த கோப்புகளைப் பெட்டியின் குப்பைத்தொட்டியிலும், ‘ஸ்னாப்ஷாட்’ வசதி முன்பே இயங்கியிருப்பின் அதிலும் முதலில் தேடவேண்டும். அங்கில்லையெனில் பெட்டியை நிறுத்திவிடுவதே நன்று. அழிக்கும்போது பெரும்பாலும் பதிவேட்டு வரியே அடிபடுகிறது. புதிய எழுத்து மேலே விழும்வரை உள்ளடக்கம் கிடக்கும். கைப்பேசிகள் நம்மைக் கேளாமலே புதுப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்!

டிஸ்குகளைக் கழற்றுமுன் எது எந்த அறையிலிருந்தது என்று எண்ணிட்டுக்கொள்க. ‘ரெய்டு’ முறைகள் சிலவற்றில் ஒரே கோப்பு துண்டுதுண்டாகப் பல டிஸ்குகளில் பரவியிருக்கும். வரிசை பிழைத்து மறுகட்டமைப்பைத் தொடங்கினால் உள்ளதும் கெடும். முழு நகலெடுத்து, நகலின்மீதே மீட்பு வேலை நடைபெறவேண்டும். வீட்டுப் பெட்டிகளுள் மிகப்பல லினக்ஸில் இயங்குவதால், லினக்ஸ் கணினியில் அவற்றைப் படிக்க வழியுண்டு. டிஸ்கு ‘டிக் டிக்’கென ஒலித்தால் மீண்டும் இயக்கலாகாது. உதிரிபாகங்களுக்கு எஸ்.பி. ரோடு உண்டு, ஆனால் டிஸ்கைத் திறப்பது தூசியற்ற அறையில் வல்லுநர் செய்யும் வேலை.

இரட்டை டிஸ்கு இருப்பதால் காப்புநகல் வேண்டாமென்போர் உளர். இது தவறு, ஒன்றில் அழித்தது மற்றதிலும் உடனே அழியும். 2021 ஜூனில் ‘மை புக் லைவ்’ என்னும் இணையத்தோடு இணைந்த சேமிப்புப் பெட்டிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டு, பல நாட்டு மக்கள் தம் கோப்புகளை இழந்தனர். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோதோ, பாதிப்புறாத தனிக் காப்புச் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவுகள் மீண்டன.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் தனி டிஸ்கொன்றில் நகலெடுத்து அங்குள்ள வீட்டில் வைத்துவரலாம். வைக்குமுன் நாலைந்து படங்களையேனும் திறந்து பார்த்துக்கொள்க.