சிவப்பு விளக்கில் எஞ்சினை நிறுத்தலாமா?

1912-இல் கட்டப்பெற்ற சயான் ரயில்வே மேம்பாலம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி வண்டிகளுக்கு மூடப்பெற்றதை அன்பர்கள் மறந்திரார். கூடுதல் இருப்புப் பாதைகளுக்காகச் செய்த ஏற்பாடு. ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அதன்பின் தாராவிச் சாலைகளில் வண்டிகள் அணிவகுத்து நின்றதைக் கண்டோர்க்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். நகராத வண்டியில் எஞ்சின் எதற்காக ஓடவேண்டும்?

அந்நாட்களில் ஒரு மாலை, மூச்சிழுப்புக் கண்ட நம் மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல, அண்டை வீட்டு அண்ணாச்சியின் டாக்சியில் புறப்பட்டோம். தொண்ணூறு அடிச் சாலையிலேயே வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் புகை. சிறுவன் இருமி இருமிச் சோர்ந்தான்.

"அண்ணாச்சி, எஞ்சினைச் சற்று நிறுத்தலாகாதா?" என்றோம்.

"அடுப்பை அணைத்து அணைத்து மூட்டினால் விறகுதானே தம்பி கூடச் செலவாகும்?" என்றார்.

அவர் அனுபவத்தில் அது பிழையன்று. அவர் தொழில் பயின்றது பிரீமியர் பத்மினியில். கார்புரேட்டர் வண்டியை மீண்டும் கிளப்பப் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். சில வேளை கிளம்பவே கிளம்பாது. பின்னாலிருப்போர் வசைமாரியை யார் தாங்குவது? ஆனால் அந்தப் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. இன்றைய வண்டிகளில் எரிபொருளைக் கணினி அளந்து செலுத்துகிறது. சூடான எஞ்சினைப் பத்து விநாடிக்கு மேல் வீணே ஓடவிடுவதைக் காட்டிலும் நிறுத்திக் கிளப்புவதே சிக்கனம் என்று அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் சோதித்துக் கண்டிருக்கிறது.

நின்ற நிலையில் சிறிய கார் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நாளொன்றுக்கு 20 நிமிடம் நிற்பவர்க்கு, 25 நாளில் ஏறத்தாழ 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலும் 500 ரூபாய். பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு! டில்லி அரசாங்கம் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் எஞ்சினை நிறுத்துமாறு தெருத்தெருவாகப் பிரசாரம் செய்ததும் புகையைக் கருதியே.

எனினும் ஓர் எச்சரிக்கை. வண்டி உருண்டுகொண்டிருக்கையில் சாவியைத் திருப்பலாகாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். பாட்டரி பழுதானவர்களும், அடிக்கொரு தரம் ஊர்ந்து செல்லும் நெரிசலில் அகப்பட்டவர்களும் இம்முயற்சியில் இறங்கவேண்டா. எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் புதுவகைக் கார் வைத்திருப்போர்க்கு இக்கட்டுரையே தேவையில்லை.

இவற்றையெல்லாம் அன்று வண்டியிலேயே விளக்க நமக்குத் தைரியம் வரவில்லை. பிறகொரு ஞாயிறன்று காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினோம். அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. இப்போது கிங்ஸ் சர்க்கிளில் விளக்கின் எண் முப்பதுக்கு மேல் இருந்தால் நிறுத்திவிடுகிறாராம். ஏ.ஸி.யின் குளிர் குறைகிறதே என்று பின்னால் அமர்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்களாம், "அவர்களுக்கு என்ன பதில் சொல்லட்டும், தம்பி?" என்று நேற்றும் கேட்டார்.