மாத்திரை மட்டும் போதுமா?

“டிரஸர் ஐயா, தலை கிறுகிறுங்குது, ராத்திரி தூக்கமே வரல. ஒரு மாத்திரை குடுங்க.” காலையில் மருந்தகத்துக்கு வரும் நம் தோழர்கள் பலர் கேட்பது இதைத்தான். அளந்து பார்த்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் நிற்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் அதை நிறுத்தக் கூடாது. ஆனால் வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு.

கோபமோ கடன் கவலையோ வந்தால் உடம்பு சண்டைக்கு நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, ரத்தக் குழாய் இறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த நேரம் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுங்கள். இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இரவு 7 மணிக்குக் குடித்த காப்பியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி, நடுராத்திரியிலும் ரத்தத்தில் இருக்கும். விடியற்காலை பெரட்டுக்கு எழ வேண்டியவருக்கு அது எதற்கு? மத்தியானத்தோடு நிறுத்துங்கள். தண்ணி போட்டால் தூக்கம் வரும் என்பார்கள். வரும், பாதி ராத்திரியில் முழிப்பும் வரும். உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான். கருவாடு, ஊறுகாய், கிச்சாப் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

வேலை விட்டு வந்து அரைமணி நேரம் கொல்லையில் நில்லுங்கள். டெலிவிசன் முன் உட்காருவதைவிட இது மனசுக்கு நல்லது என்பது என் எண்ணம். கறிவேப்பிலை, பசலை, வெண்டை, மரவள்ளி எது வேண்டுமானாலும் வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை அதற்கே ஊற்றலாம். காய்கறித் தோலைக் குழி தோண்டிப் போட்டு மண்ணால் மூடினால் உரமாகும். கடையில் கீரைக்குக் கொடுக்கும் வெள்ளியும் மிச்சம். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை மட்டும் மூடிவையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். புல் மருந்து வந்த காலி டின்னை, “நல்லாத்தானே இருக்கு, வீணாக்குவானேன்” என்று தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது. மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, ஸ்டோரிலேயே ஒப்படையுங்கள். மிச்ச மருந்தைச் சோடா பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம். பேராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பழைய பாட்டில் எந்த வீட்டு மூலையிலாவது இருந்தால் உடனே கொண்டுவந்து கொடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டோம். பிள்ளைகள் தெரியாமல் குடிக்கலாம். மனசு உடைந்து போயிருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கவே கூடாது. அப்படி யாராவது வீட்டில் பேச்சில்லாமல் ஒதுங்கி இருந்தால், திட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவேன்.

முருங்கைக் கொம்பு வேண்டியவர்கள் மருந்தகத்துக்குப் பின்னால் வந்து மூன்றடி நீளத்தில் வெட்டிக்கொள்ளலாம்.