மூத்தவாப்பாவின் மணிக்கூடு

மூத்தவாப்பா 1979இல் சவூதியிலிருந்து கொண்டுவந்த சீகோ 5 கைமணிக்கூடு, அவர் மௌத்தானபின் லாச்சிக்குள் நின்றுபோய்க் கிடந்தது. பற்றரி முடிந்துவிட்டதென்றே நினைத்தோம். அதற்குப் பற்றரியே இல்லை!

ஜப்பானில் 1963இல் அறிமுகமான வகை இது. தானே சாவி ஏறுதல், கிழமையும் திகதியும் ஒரே கட்டத்தில் தெரிதல், நீர் புகாமை, நான்கு மணிப் பக்கம் அமைந்த திருகி, உறுதியான கூடும் பட்டியும் ஆகிய ஐந்து சிறப்புகளையே '5' குறிக்கிறது.

உள்ளே ஓர் அரைவட்டத் தகடு உண்டு. நாம் கையசைக்க அது சுழன்று சுருள்வில்லை முறுக்கும். வில் மெல்ல மெல்ல அவிழ, முட்கள் நகரும். கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணித்தியாலத்தில் நின்றுவிடும்.

பின்மூடியிலுள்ள தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் காட்டும். எங்களுடையது 85 எனத் தொடங்குகிறது. அப்படியானால் அது செய்யப்பட்டது 1978 மே மாதத்தில்.

உள்ளுறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பற்றரி இயந்திரம் பூட்டலாம் என்றார் ஒரு கடைக்காரர். உம்மா சம்மதிக்கவில்லை. வேறொருவர் அதைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டுத் தந்தார்.

இப்போது நான் கட்டுகிறேன். நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது, காலையில் திருத்திக்கொள்கிறேன். பத்திரமாகப் பூட்டி வைத்தபோது நின்ற மணிக்கூடு, என் கை அசைவில் ஓடுகிறது.