ஒரு பெயர், பல குடும்பங்கள்

நம் கல்லூரி வருகைப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் தந்தையைக் குறிக்கும் ஓர் எழுத்து நிற்கும். மேலை நாட்டாருக்கோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் உண்டு. ஆகவே, ஒரே குடும்பப் பெயர் உடையோர் யாவரும் ஒரே வழியில் வந்தவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று என்பதற்கு ‘ஃபோர்டு’ என்னும் பெயரைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் அச்சொல், ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ஆழமற்ற துறையைக் குறிக்கும். எருதுகள் கடக்கும் துறையே ஆக்ஸ்ஃபோர்டு. இத்தகைய துறைகள் பல. அவற்றின் அருகே வாழ்ந்து அப்பெயரைப் பெற்ற குடும்பங்களும் பல.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது வாஷிங்டனில் உள்ள ஃபோர்டு நாடக அரங்கில். அதன் உரிமையாளர் ஜான் ஃபோர்டு. பின்னாளில், 1903இல், மோட்டார் நிறுவனம் தொடங்கிய ஹென்றி ஃபோர்டு அன்று மிச்சிகனில் இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை. அயர்லாந்திலிருந்து குடியேறிய உழவரின் மகன். பெயர் ஒன்று, குடும்பம் வேறு.

அப்பெயரோடு பிறவாத ஃபோர்டுகளும் உண்டு! 1974இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜெரால்டு ஃபோர்டு, பிறந்தபோது லெஸ்லி கிங். தாய் மறுமணம் செய்துகொண்டபின் வளர்ப்புத் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டு, 1935இல் அதைச் சட்டப்படி தம் பெயராக்கிக் கொண்டார். இயக்கத்திற்காக நான்கு ஆஸ்கார் பரிசுகள் பெற்ற ஜான் ஃபோர்டின் இயற்பெயரோ ஃபீனி. நடிகரான அண்ணன் சூட்டிக்கொண்ட பெயரைத் தம்பியும் ஏற்றார்.

இதற்கிடையே ஹென்றியின் பெயர் ஆளை விட்டுப் பொருளுக்குச் சென்றுவிட்டது. 1908 முதல் 1927 வரை விற்பனைக்கு வந்த ‘மாடல் டி’ கார்கள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். சென்னையை அடுத்த மறைமலைநகரிலும் அப்பெயர் தாங்கிய கார்கள் 2022 வரை உருவாயின.

ஒருவர் பெயரைக் கேட்டவுடன் ‘எந்த ஊர், எந்தக் குலம்?’ என்று எடைபோடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. பெயர் பிறப்புச் சான்றிதழ் அன்று. வாழ்ந்த இடம் தந்திருக்கலாம், வளர்த்தவர் தந்திருக்கலாம், தாமே தேர்ந்தும் இருக்கலாம். மறைமலைநகர் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மறைமலையடிகளே வேதாசலம் என்ற தம் பெயரைத் தனித்தமிழாக மாற்றிக்கொண்டவர் அல்லரோ!